ஆளுக்கு 80,000 கியாட், இரண்டு நாள் மேலாண்மை வகுப்பு: ரங்கூன் கடைக்காரர்கள் போகலாமா?

தனியாகப் போவதாக இருந்தால் போகாதீர்கள். கல்லாவில் நிற்கிற பெண்ணையோ கிடங்குப் பையனையோ கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால், கைமாற்று வாங்கியாவது போங்கள். நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் கேட்பவர்களுக்காக மீதி.

மகாபந்துலா சாலைக்குக் கீழே ஒரு குறுக்குத் தெருவில் எங்களுக்கு மின்சாமான் கடை. அப்பா காலத்தில் பல்பு, சுவிட்ச், ஒயர், மேசை விசிறி. இப்போது பாதிக்கு மேல் இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் பலகை. ரங்கூனில் கரண்ட் எத்தனை மணி நேரம் வரவில்லையோ அதைப் பொறுத்துத்தான் எங்கள் பிழைப்பு. எங்களைப் போலவே வரிசையாகக் கடைகள். எல்லோரிடமும் அதே சீனச் சரக்கு, ஏறக்குறைய அதே விலை. அப்படியிருக்க ஒரு கடை மட்டும் எப்படி முந்துகிறது என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. "கற்றுக்கொண்டே இருக்கும் நிறுவனம், புதிது செய்து போட்டியாளரை முந்துவது எப்படி" என்று துண்டுச் சீட்டில் பார்த்ததும் இரண்டு பேருக்குப் பணம் கட்டினேன். எனக்கும், கடையில் எட்டு வருஷமாக இருக்கும் பையனுக்கும். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த மேலாண்மைப் பயிற்சியாளர். குறையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. நம் வியாபாரிகள் சிலர் சேர்ந்து செய்த ஏற்பாடு, இடம் ஒரு கோயில் மண்டபம். முப்பது கடை பதிவு செய்திருந்தது; பெகுவிலிருந்தும் தாத்தோனிலிருந்தும்கூட வந்திருந்தார்கள்.

முதல் ஒன்றரை மணி நேரம் வீண். திரையில் ஆங்கில ஸ்லைடு, பேச்சில் பாதி ஆங்கிலம். வந்தவர்களில் இளவட்டத்துக்குத் தமிழ் வீட்டில் பேசுகிற அளவுதான். கூட வந்த பர்மிய ஊழியர்களுக்கு அதுவும் கிடையாது. மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண், தன் அண்ணனோடு வகுப்புக்கு வந்தவர், பார்க்கச் சகிக்காமல் தானே எழுந்து பர்மியத்தில் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு நாளும் அவர்தான் சொன்னார். அவருக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

பயிற்சியாளர் ஆரம்பித்தது கோடாக் கதையில். கோடாக் இல்லாமல் மேலாண்மை வகுப்பு எடுப்பது பிள்ளையார் சுழி போடாமல் புதுக் கணக்கு எழுதுகிற மாதிரி போலிருக்கிறது. 1975இல் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் கோடாக்கிலேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார், மேலிடம் கண்டுகொள்ளவில்லை, 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது, கதை முடிந்தது. இது பாதிக் கதை. 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடாக்தான் முதலிடம். கேமரா செய்யத் தெரியாமல் அவர்கள் விழவில்லை. ஃபிலிமில் பார்த்த லாபம் கேமராவில் கிடைக்கவில்லை; கொஞ்ச நாளில் கேமராவையே போன் விழுங்கிவிட்டது. அதே தொழிலில் இருந்த ஃபியூஜி, ஃபிலிமுக்காகக் கற்ற ரசாயனத்தை டிவி திரைக்கான படலத்துக்குக் கொண்டுபோனது. பிற்பாடு முகத்துக்குப் பூசும் கிரீம்கூட விற்க ஆரம்பித்தது. கைவசம் இருக்கிற வித்தையை வேறு எங்கே விற்கலாம் என்று தேடுவது கடைக்காரர்களுக்கு நன்றாகப் புரிகிற சங்கதி. அவர் ஃபியூஜி பக்கமே போகவில்லை.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் விளக்குக்கும் விசிறிக்கும்தான், புரொஜக்டருக்குக் கொடுக்க முடியாது என்று மண்டபப் பொறுப்பாளர் கையை விரித்துவிட்டார். வகுப்பு உருப்பட்டது அப்போதுதான். மனிதர் மேடையைவிட்டு இறங்கி, நாற்காலியை எங்கள் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு தறிக் கதை சொன்னார்.

சகிச்சி டொயோடா என்ற ஜப்பானியர் செய்த தறி. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். 1924இல் வந்த தானியங்கித் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அறுந்த நூலோடு ஓடிக்கொண்டே இருக்கிற தறி முழம் முழமாகக் கழிவைத்தான் நெய்யும். நிற்கத் தெரிந்த தறியாக இருந்தால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் புத்தி பிற்பாடு அவர் குடும்பத்தின் டொயோட்டா கார் ஆலையில் கயிறாக வந்தது. வரிசையில் நிற்கிற தொழிலாளி கோளாறைப் பார்த்தால் கயிற்றை இழுப்பார். மணி அடிக்கும், பலகையில் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் வரிசை ஓடும், முடியாவிட்டால் நிற்கும்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், இரும்புக்கடைக்காரர், குறுக்கிட்டார். "எங்க பையன் கயித்த இழுத்தான்னா, நான் அவன் காதை இழுப்பேன் தம்பி."

மண்டபமே சிரித்தது. கூட வந்திருந்த ஊழியர்கள் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பயிற்சியாளர் அதைக் கோட்டைவிடவில்லை, அதற்காக அவருக்கு முழு மதிப்பெண். கலிபோர்னியாவில் ஃபிரிமாண்ட் என்ற ஊர் ஆலைக் கதையை எடுத்தார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார் என்கிற அளவுக்குக் கெட்ட பெயர், 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். அங்கே அவர்கள் கண்ட அதிசயம் எந்திரம் இல்லை. கயிற்றை இழுத்தால் மேலாள் வந்து "என்ன உதவி வேணும்?" என்று கேட்டதுதான். சீக்கிரத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் தரத்தில் முன்னால் நிற்பது அந்த ஆலை என்றாகிவிட்டது.

இதற்கு மேல்தான் சுவாரசியம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆட்களை அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தது. டொயோட்டா எதையும் மறைக்கவில்லை. பார்த்தவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் ஆலைகளிலும் கயிறு கட்டினார்கள். ஆனால் மேலாளர்கள் கயிற்றை இழுத்தவனை முறைத்தார்கள். வண்டி எண்ணிக்கை குறைந்தால் தங்கள் தலை உருளும் என்று வரிசையை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு ஆலையின் பாடம் கம்பெனி முழுக்கப் பரவ வருஷக்கணக்கில் ஆயிற்று.

எனக்கு இது மிக முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் உண்டு. மண்டபத்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தது எங்கள் தெருவிலேயே எதிர்க் கடைக்காரர். அவர் முன்னால் எந்த விஷயத்தைப் பேசுவது? முந்துவது எப்படி என்று கற்க முந்த வேண்டியவரோடு சேர்ந்தே வந்திருக்கிறோமே என்று காலையிலிருந்து உறுத்தல். ஃபிரிமாண்ட் கதைக்குப் பிறகு அது போய்விட்டது. கண்ணால் பார்த்ததை யாரும் காப்பியடிக்கலாம். கடையில் யார் வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதை எப்படிக் காப்பியடிப்பது?

மதியச் சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டணத்தில் சாப்பாடும் சேர்த்தி. சாம்பார், பூசணிக் கூட்டு, ரசம், கூடவே நம் ஊர் முறைக்கு லஃபெத்தோ, அதாவது ஊறிய தேயிலைக் கலவை. ருசியில் குறையே இல்லை. கடைசிப் பந்திக்குச் சோறு பத்தவில்லை. ஏழெட்டுப் பேர் வெளியே டீக்கடையில் பலாட்டா என்கிற பரோட்டா வாங்கிச் சாப்பிட்டார்கள். ஏற்பாட்டாளர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது.

பயிற்சியாளர் அதையே பாடமாக்கினார். அமெரிக்க ராணுவம் 1980களில் ஃபோர்ட் இர்வின் பயிற்சி முகாமில் நிலைநிறுத்திய பழக்கம் ஒன்று உண்டு: ஒத்திகைப் போர் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, பதவியை ஒதுக்கிவைத்துவிட்டு, நான்கு கேள்வி கேட்டுக்கொள்வது. என்ன நடக்க வேண்டியிருந்தது? என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்த முறை என்ன செய்வோம்? சமையல் ஆட்களையும் பரிமாறிய பையன்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இந்த நான்கையும் கேட்டார். பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன், கையில் இன்னும் கரண்டி, தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"பத்தரைக்கே எனக்குத் தெரியும் சார், சோறு பத்தாதுன்னு. செருப்பு எண்ணிப் பார்த்தேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

வாசலில் கிடந்த செருப்பை எண்ணியிருக்கிறான்! ஏற்பாட்டாளர்கள் சமையல்காரரிடம் கொடுத்தது கடைக் கணக்கு. வந்தது ஆள் கணக்கு. ஒரே கடையிலிருந்து இருவர் மூவர் வந்ததை யாரும் அடுப்படிக்குச் சொல்லவில்லை. அடுப்படிக்குத் தெரிந்ததை அடுப்படியும் மேலே சொல்லவில்லை. மண்டபத்தில் இருந்த முதலாளிகளில் யாருக்கு இது தங்கள் கடையை ஞாபகப்படுத்தவில்லை என்று நினைக்கிறீர்கள்? காதை இழுப்பேன் என்ற பெரியவர்கூட வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அந்தப் பையனே பத்து மணிக்கு வாசலில் நின்று தலை எண்ணினான். சோறு மிஞ்சியது. அப்பளம் தீர்ந்தது, அதையும் அவனே முதலில் வந்து சொன்னான்.

இரண்டாம் நாள் காலை ஐந்து "ஏன்". டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன பழைய உதாரணம்: எந்திரம் ஏன் நின்றது? பாரம் கூடி ஃபியூஸ் போனது. ஏன் பாரம்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லை, இரும்புத் தூள் உள்ளே போயிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் மறு வாரம் மறுபடியும் நிற்கும். பயிற்சியாளர் இதோடு ஒரு விதியும் வைத்தார்: எந்த "ஏன்" கேள்விக்கும் ஆள் பெயர் பதிலாக வரக்கூடாது.

பெகுவிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் பையிலிருந்து கரிந்த பிரேக்கர் (பாரம் கூடினால் கரண்டைத் துண்டிக்கும் சாமான்) ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்ததாம். பக்கவாட்டில் பிளாஸ்டிக் உருகி வழிந்து, உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. ஏன் கரிந்தது? சோலார் பலகையிலிருந்து வருகிற வழியில் ஏசி பிரேக்கரை மாட்டியிருக்கிறார்கள். மின்சாமான் தெரியாதவர்களுக்காக: வீட்டுக்கு வருகிற ஏசி மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும். அதனால் பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். சோலாரிலிருந்து வருவது டிசி, ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம். அது பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை, பொறி விடாமல் எரியும். டிசி பிரேக்கருக்குள் பொறியை இழுத்து அணைக்கத் தனி அமைப்பு இருக்கும். இதெல்லாம் பயிற்சியாளருக்குத் தெரியவில்லை. எங்கள் கடைப் பையன் எழுந்து விளக்கினான், தமிழ்ப் பெண் பர்மியத்தில் சொன்னார்.

சரி, ஏசி பிரேக்கரை ஏன் கொடுத்தார்கள்? பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஏன் ஒரே இடத்தில் இருந்தது? கிடங்கில் ஆம்பியர் வாரியாக அடுக்கியிருந்தார்கள். ஏன் அப்படி? டிசி சரக்கு வருவதற்கு முன்னால் போட்ட அடுக்கு, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. இங்கே அந்த அண்ணனின் ஊழியர், பர்மியப் பையன், மெதுவாக ஒன்று சொன்னார்: சீன எழுத்துப் பெட்டியில் எது டிசி என்று அவருக்குத் தெரியும், மூலையில் இருக்கிற அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். இரண்டு வருஷமாகத் தெரியும். மற்ற ஆட்களுக்குத் தெரியாது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த அரை மணி நேரத்துக்கே 80,000 கொடுக்கலாம்.

மதியத்துக்குப் பிறகு வந்த "புதுமை" பகுதிக்கு எட்டு கியாட்கூடக் கொடுக்க மாட்டேன். கலர் கலராகக் காகிதம் கொடுத்து, யோசனைகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். சுவர் நிறைந்தது. ட்ரோனில் டெலிவரி என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள், எதையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் மண்டபம் கூட்டுகிறவர் அள்ளிக்கொண்டு போனார்.

இதற்குப் பதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். பத்து நிமிஷத்தில் ஓட்டிவிட்டார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது. ஒரே அறையில் இரண்டு மேசை. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போது அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள், டாக்டர் அப்படியே திரும்பி அடுத்ததைத் தொடங்குவார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலைக்கு வந்துகொண்டிருந்தபோது, 1992இல் அரோலேப் தொடங்கித் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். தங்கள் முறையை மற்ற மருத்துவமனைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். புதுமை என்றால் கலர்க் காகிதம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த மேசைக் கணக்கைவிட நல்ல மருந்து ஏது? நம்மில் பாதிப் பேருக்கு மதுரை, ராமநாதபுரம் பக்கம் உறவுக்காரர்கள். அங்கே கண் காட்டிவிட்டு வந்தவர்களே மண்டபத்தில் இருந்திருப்பார்கள். அவர்களைப் பேசவிட்டிருக்கலாம்.

நம் ஊர் உதாரணம் ஒன்றும் இல்லை என்பது இன்னொரு குறை. சென்னைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஏற்பாட்டாளர்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சிம் கார்டு விலை லட்சக்கணக்கான கியாட் இருந்த காலம் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது. 2014இல் ஊரிடூ, டெலிநார் என்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்குக் கொடுத்தார்கள். அதுவரை போட்டியே பார்க்காத அரசு தொலைபேசி நிறுவனம் எம்பிடி என்ன செய்தது? அதே வருஷம் ஜப்பானின் கேடிடிஐ, சுமிட்டோமோவோடு கைகோத்துத் தொழிலை மறுபடியும் கற்றது. இன்றும் நம்மில் பலர் பையில் எம்பிடி சிம் இருக்கிறது. போட்டி வந்த பிறகு கற்றவர்களின் கதை இது. அதை வைத்து ஒரு மதியம் முழுக்க வாதாடியிருக்கலாம்.

வகுப்புக்குப் பிறகு "தொடர் உதவி" உண்டு என்று சீட்டில் போட்டிருந்தது. வைபரில் ஒரு குழு, மாதம் ஒரு முறை இணையத்தில் பேச்சு. பேச்சு ஒரு தடவை நடந்தது. பாதி நேரம் அவர் குரல் எங்களுக்கு வரவில்லை, மீதி நேரம் எங்கள் குரல் அவருக்குப் போகவில்லை. குழு இப்போது காலை வணக்கப் படங்களுக்குப் பயன்படுகிறது. இதற்கென்று பணம் கட்டாதீர்கள்.

எங்கள் கடையில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். வகுப்பில் சொல்லாத ஒன்றைக் கடைப் பையனே ஆரம்பித்தான். கல்லா பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. வாடிக்கையாளரிடம் "இல்லை" என்று சொன்னால் உடனே என்ன கேட்டார் என்று அதில் எழுத வேண்டும். யாரும் எழுதலாம், எந்த மொழியிலும் எழுதலாம். முதல் வாரமே பக்கத்துக்குப் பக்கம் ஒரே சாமான்: 12 வோல்ட் டிசி விசிறி. இன்வெர்ட்டர் இல்லாமல் நேரே பேட்டரியில் ஓடுவது. "இதைக் கேக்குறாங்கன்னு முன்னாடியே தெரியுமாடா?" என்றேன். "தெரியும்க்கா, நீங்க எப்பவும் இன்வெர்ட்டர்தான விக்கணும்னு சொல்வீங்க" என்றான். இப்போது வாசலில் தொங்குவது அந்த விசிறிகள்தான். எதிர்க் கடையிலும் ஒரு நோட்டு வந்திருக்கிறது, சிவப்பு அட்டை. அதில் முதலாளி மட்டும்தான் எழுதுகிறார்.

இனிப் போகிறவர்களுக்கு. இரண்டு நாளும் ஊழியருக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள், வகுப்பும் வேலைதான். முன்வரிசையில் ஊழியரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் பின்னால் போய்விடுங்கள், பக்கத்தில் இருந்தால் பேசமாட்டார்கள். பர்மிய மொழிபெயர்ப்பு உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். இரண்டாம் நாள் மதியம் கடை திறக்க வேண்டிய அவசரம் இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம்.

முப்பது கடையில் ஊழியரோடு வந்தவை பாதிகூட இல்லை. இரண்டு பேருக்கு 1,60,000 என்றால் சிறிய கடைக்குப் பாரம்தான். ஊழியருக்குப் பாதிக் கட்டணம் போடுங்கள், கலர்க் காகிதத்தை எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் ஆறேழு பேர் கையெழுத்துப் போட்டுப் பயிற்சியாளருக்கு அனுப்பியிருக்கிறோம். அடுத்த வகுப்பு மண்டலேயில் என்கிறார்கள். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.